தனித்திருப்போரை நாடிச் செல்வோம்



1976-ஆம் ஆண்டில் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டுச் சீத்தா கேம்பில் குடிசை எழுப்பிய வாலிபர் பலர், இன்று முதுமையுற்று வீட்டோடு முடங்கியுள்ளனர். பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. நாமோ ஒருமுறை பழங்களுடன் எட்டிப்பார்த்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்கிறோம்!

கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிதணிப்புப் பணி, பின்னர் கேரளத்தின் ஊர்களில் பரவியபோது, தொண்டர்களிடம் கேட்டது வாரத்திற்கு இரண்டு மணி நேரமே. அதற்கு முன் 16 மணி நேரம் பாடமும் கற்பித்தனர். மேடையேறிப் பழகிய நமக்கோ, வாய்மூடிக் கேட்பதே கடினமான பாடமாயிருக்கும்!

மருந்தை மாற்றச் சொல்லவோ அறிவுரை கூறவோ நாம் செல்லவில்லை. செய்தித்தாள் படித்துக் காட்டவும் ஊர்க்கதை கேட்கவுமே செல்கிறோம். இச்சனிக்கிழமை சென்றவர் அடுத்த சனிக்கிழமையும் தவறாது செல்லல் வேண்டும். அவர்கள் வாசலையே நோக்கியிருப்பர்.

இசைவுடையோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் தருக.