தங்கம் தீரவில்லை, லாபம் தீர்ந்தது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கோலார் தங்க வயலைக் கேள்விப்படாதவர் நம் தர்மபுரிப் பக்கம் இருக்க மாட்டார்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலையைத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. "தங்கம் தீர்ந்துபோச்சு, மூடிட்டாங்க" என்று பலரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். தீர்ந்தது லாபம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தங்கம் உள்ள வெண்கல் பாளம் ஒரு மீட்டர் அகலம், டன்னுக்கு 6 கிராம் தங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் கல்லை உடைத்து, மேலே ஏற்றி, அரைத்து, சயனைடில் கரைத்து எடுக்க 3 கிராம் தங்கத்தின் விலை செலவாகிறது. மிச்சம் 3 கிராம். நல்ல லாபம்தான்.

வெடி வைக்கும்போது பக்கத்துச் சுவரிலிருந்து அரை மீட்டர் வெறுங்கல்லும் சேர்ந்து விழுந்தால்? ஒரு டன் ஒன்றரை டன் ஆகிறது. தங்கம் அதே 6 கிராம், செலவு நாலரை. லாபம் பாதி. ஒரு மீட்டர் வெறுங்கல் விழுந்தால் செலவு 6 கிராம். கையில் ஒன்றும் நிற்காது. தங்கம் குந்துமணி அளவுகூடக் குறையவில்லை பாருங்கள்! வண்டிக்காரர் மூட்டைக்குத்தான் கூலி கேட்பார். உள்ளே ராகியா, மண்ணா என்று பார்க்க மாட்டார். சுரங்கக்காரர்கள் இதை 'டைல்யூஷன்' என்பார்கள்.

கோலாரில் இயற்கையும் சோதித்தது. ஆரம்பத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசிக் காலத்தில் நாலைந்து கிராமுக்கும் கீழே போய்விட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறை தானாகவே வெடித்துச் சிதறும் ஆழத்தில் வேலை. 2001-இல் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 300 டாலருக்கும் குறைவு. தரம் இவ்வளவு இறங்கிய இடத்தில் கலந்து வரும் ஒவ்வொரு கூடை வெறுங்கல்லும் தொழிலாளியின் சம்பளத்தில்தான் கை வைக்கும்.

கோலார்ப் பாறைத் தொடரின் தென்கோடி கிருஷ்ணகிரிப் பகுதி வரை வருகிறது. 2004 வரை அதுவும் நம் மாவட்டம்தான். "நம்ம மலையிலும் தங்கம் இருக்காம்" என்று யாராவது சொன்னால் எத்தனை டன் என்று மட்டும் கேட்காதீர்கள். பாளம் எவ்வளவு அகலம், வெறுங்கல்லும் சேர்ந்தபின் டன்னுக்கு எத்தனை கிராம் தேறும் என்று கேளுங்கள். நிலத்தைக் கொடுப்பவர்களும் வேலையை நம்பிப் போகும் பிள்ளைகளும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.