எண்பத்தெட்டு நாட் பழி

(கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வழக்கு மன்றம் ஏறாமலே ஒரு மனிதர் குற்றவாளியாக்கப்பட்ட வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அமெரிக்க நாட்டின் அற்லாண்டா நகரிலே 1996இல் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. யூலை 27ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளை. நூற்றாண்டு ஒலிம்பிக் பூங்காவில் பெருந்திரளான மக்கள் இசை விருந்தில் திளைத்திருந்தனர். றிச்சர்ட் ஜூவல் என்னும் 33 வயதுக் காவலாளி, வாங்கொன்றின் கீழே கேட்பாரற்றுக் கிடந்த பையொன்றைக் கண்டார்.

யாரோ மறந்துவிட்டுப் போன பை என்று அவர் வாளாவிருந்திருக்கலாம். இருக்கவில்லை. அதிகாரிகளுக்கு அறிவித்தார், அருகிருந்த ஒலிபெருக்கிக் கோபுரத்தில் நின்றோரை வெளியேற்றினார், சனத்தை அப்பாற்படுத்திக் கொண்டிருக்கையிலேயே குண்டு வெடித்தது. பெண்மணியொருவர் மாண்டார். படம்பிடிக்க ஓடிவந்த துருக்கியர் ஒருவர் மாரடைப்பால் உயிர் நீத்தார். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அந்தப் பை எவர் கண்ணிலும் படாதிருந்தால்? எண்ணிப் பாருங்கள்!

நாடே அவரை வீரர் என்றது. எத்தனை நாளைக்கு? மூன்றே நாளைக்கு! யூலை 30இல் உள்ளூர்ப் பத்திரிகையொன்று சிறப்புப் பதிப்பு வெளியிட்டு, மத்திய புலனாய்வுப் பிரிவு அவரையே சந்தேகிக்கின்றது என்று பறைசாற்றிற்று. சான்று என்ன? புகழுக்காகத் தானே குண்டை வைத்துத் தானே கண்டெடுத்திருப்பார் என்ற ஊகந்தான்! பயிற்சிப் படம் எடுப்பதாகப் பொய்கூறி அவரை அழைத்து விசாரித்தனர். வீட்டைச் சோதனையிட்டு, அவருடைய அன்னையின் சமையலறைப் பெட்டிகளையும் அள்ளிச் சென்றனர். வெடிப்புக்கு முன் தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது, சில தெருக்களுக்கு அப்பாலிருந்து. அந்நேரம் ஜூவல் பூங்காவில், பையின் அருகே நின்றார். அத்தெருக்களை ஒருமுறை நடந்து பார்த்திருந்தாலே ஐயம் தீர்ந்திருக்கும்.

88 நாட்கள் சென்றன. ஒக்டோபர் 26இல் அரச சட்டத்தரணியிடமிருந்து, அவர் விசாரணையின் இலக்கு அல்லர் என்று ஒரு கடிதம் வந்தது. உண்மைக் குற்றவாளியான எரிக் றூடொல்பு வெளியே உலவி, மேலும் குண்டுகள் வைத்தான். 1998இல் பேர்மிங்ஹாம் நகரிலே அவனது குண்டுக்குப் பலியானவர், காவற்பணியில் நின்ற ஒரு பொலிஸ் உத்தியோகத்தர்! 2003இல் பிடிபட்ட அவன் 2005இல் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

செய்தி நிறுவனங்கள் சில நட்டஈடு கொடுத்தன. அந்த உள்ளூர்ப் பத்திரிகையோ ஈற்றுவரை வழக்காடியது. சந்தேகம் இருந்தது உண்மைதானே, அதைத்தானே எழுதினோம் என்றது. 2011இல் மேன்முறையீட்டு மன்றமும் அதன் பக்கமே தீர்த்தது. சட்டம் அப்படி இருக்கலாம். எழுதுகோல் பிடிப்பவன் என்ற முறையில், அந்த வெற்றியை எண்ணி என்னால் மகிழ முடியவில்லை.

அத்தீர்ப்பைக் கேட்க ஜூவல் உயிரோடில்லை. 2006இல் ஜோர்ஜியா மாநில ஆளுநர் அவரை அழைத்துப் பாராட்டினார். அடுத்த ஆண்டு ஓகஸ்டு 29இல், தமது 44ஆம் வயதிலே, அவர் காலமானார்.