அரண்மனைக்காரன் தெருவில் ஒரு பத்திரிகைக்காரர்

(அம்பத்தூர் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சென்னையில் பாரிமுனைக்குப் பக்கத்தில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறது. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. 'ஆர்மீனியன் தெரு' என்பதுதான் நம் ஜனங்கள் வாயில் அப்படி ஆயிற்று. 1772-ம் வருஷம் ஆர்மீனியர் கட்டிய மாதா கோயில் அந்தத் தெருவில் நிற்கிறது. ஆவடியிலோ அம்பத்தூரிலோ ரயில் ஏறினால் ஒரு காலைப்பொழுதில் பார்த்துத் திரும்பலாம்.

ஆர்மீனியர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். அந்நாளில் அவர்கள் தேசத்தைத் துருக்கி சுல்தானும் பாரசீக ஷாவும் பங்கு போட்டு ஆண்டார்கள். சொந்த ராஜ்யம் இல்லாத அந்த ஜனங்களில் சிலர் இங்கே வியாபாரிகளாக வந்தார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் பாலம் கட்டிக் கொடுத்த உஸ்கான் அவர்களில் ஒருவர்.

கட்டடத்தைக் கவனியுங்கள். மணிக்கூண்டு கோயிலோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. கனத்த மணி ஆடினால் கட்டடம் அதிரும். தறி ஓடும்போது தரை அதிர்வதை அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தனிக் கூண்டு என்பதால் அந்த அதிர்ச்சி கோயில் சுவருக்குப் போவதில்லை. மணிகள் ஆறு, ஒவ்வொன்றும் சுமார் 150 கிலோ. இரண்டு, 1837-ல் லண்டன் பட்டறையில் வார்த்தவை. 1754-ல் வார்த்து, 1808-ல் மறுபடி வார்த்த இன்னொரு மணியில் தமிழ் எழுத்தும் உண்டு!

முற்றத்தில் கல்லறைகள். அவற்றில் ஒன்று ஹாருத்யூன் ஷ்மவோனியன் என்ற பாதிரியாருடையது. பாரசீகத்தின் ஷிராஸ் நகரத்துக்காரர். பெற்ற பிள்ளைகள் இருவரையும் பறிகொடுத்தவர். இந்தச் சென்னையில் அச்சகம் வைத்து, 1794-ல் 'அஸ்தரார்' என்ற பத்திரிகையை வெளியிட்டார். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அதுதான்! தாய்நாட்டில் அல்ல, தோழர்களே, நம் ஊரில் அச்சானது.

18 இதழ்கள் வந்தன. 1796-ல் நின்றுவிட்டது. போதிய சந்தாதாரர்கள் கிடைக்கவில்லை. 1824-ல் அவர் காலமானார்.

இன்று சென்னையில் ஆர்மீனியர் அநேகமாக இல்லை. வியாபாரிகள் சேர்த்த செல்வமும் போயிற்று. ஆனால் அந்த 18 இதழ்களை ஆர்மீனிய ஜனங்கள் இன்றும் மறக்கவில்லை. மணியோசை தெருக்கோடியோடு நின்றுவிடும். அச்செழுத்து கடல் தாண்டும்.

அடுத்த லீவு நாளில் பிள்ளைகளை அழைத்துப் போய் அந்தக் கல்லறையைக் காட்டுங்கள். பத்திரிகை எழுதுகிறவனால் மட்டும் உயிர் வாழ்வதில்லை, வாங்கிப் படிக்கிறவனாலும்தான் வாழ்கிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.