வாராக்கடனை வரவு வைத்தவர்

(ஸ்ரீமுஷ்ணத்தில் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



நீரில் மூழ்கிய நிலமகளை வராகப் பெருமான் மீட்டெடுத்தார் என்பது ஸ்ரீமுஷ்ணத்தார் யாவரும் அறிந்த தலவரலாறு. மூழ்குவதை மீட்டல் தெய்வச் செயல் என்று போற்றும் இவ்வூரில், அச்செயலை மனித அளவில் செய்து காட்டிய ஒருவரைப் பற்றிப் பேசுவது பொருத்தமேயாகும்.

அவர் மன்னரல்லர்; பெருநிலக்கிழாரல்லர்; கட்டடக்கலையை முறையாகப் பயின்றவருமல்லர். வங்கியில் பணியாற்றியவர். பெயர் விஜயநாத் ஷெனாய். வாழ்ந்த ஊர், கர்நாடகக் கடற்கரையில் உடுப்பியை அடுத்துள்ள மணிபால். மறைந்தது 2017ஆம் ஆண்டில். அவர் விட்டுச் சென்ற சொத்து ‘ஹஸ்தசில்பா’ என்னும் மரபுவழிச் சிற்றூர். பழைய வீடுகளே காட்சிப் பொருள்களாக நிற்கும் ஓர் அருங்காட்சியகம்.

ஷெனாய் பணியாற்றிய சிண்டிகேட் வங்கியின் பிறப்பை அறிந்தால் அவர் செயலும் விளங்கும். 1925இல் உடுப்பியில், நலிவுற்ற கைத்தறி நெசவாளர்க்குக் கைகொடுக்கும் நோக்கத்துடன், டி. எம். ஏ. பை, உபேந்திர அனந்த பை, வாமன் குட்வா ஆகிய மூவர் 8,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கியது அது. 1928இல் ‘பிக்மி’ என்னும் சேமிப்புத் திட்டத்தை அவ்வங்கி கொணர்ந்தது. முகவர் வீடு தேடிச் சென்று நாள்தோறும் இரண்டணா பெற்று வருவார். பிறர் பொருட்டாக மதியாத சில்லறையே அவ்வங்கிக்கு அடித்தளமாயிற்று. 1969இல் அரசுடைமையாகி, 2020இல் கனரா வங்கியோடு இணைந்து, அப்பெயர் இன்று மறைந்துவிட்டது. அதன் ஊழியர் ஒருவர் சேர்த்தவையோ நிற்கின்றன.

அவர் சேர்த்தவை எவை? இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்கள், கதவுகள், நிலைகள், உத்திரங்கள். அவை ஏன் இடிக்கப்பட்டன என்பதை நேர்மையாக நோக்குதல் வேண்டும். 1974இல் கர்நாடக நிலச்சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பெற்று, உழுதவனுக்கே நிலம் உரிமையாயிற்று. குத்தகை நெல் வந்து குவிந்த பெருவீடுகளுக்கு வருவாய் நின்றது. கூட்டுக் குடும்பங்களும் பாகம் பிரிந்தன. நூறு பேர் உண்ட வீட்டில் முதியவர் இருவர் மட்டும் எஞ்சினால், ஓடு மாற்றவும் வழியிராது. உழுதவன் நிலம் பெற்றது நீதி. அந்நீதியின் நிழலில் தச்சரின் கைத்திறம் விறகாகப் போனது இழப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

வங்கிக் கணக்கில் ‘வாராக்கடன்’ என்றொரு தலைப்பு உண்டு. இனித் திரும்பாது என்று தள்ளி எழுதப்படுவது அது. ஒரு சமுதாயம் அவ்வாறு தள்ளி எழுதியவற்றை ஷெனாய் வரவில் வைத்தார். முதலில், பழைய வீடுகளின் உறுப்புகளைக் கொண்டு தமக்கென ஒரு வீடு கட்டினார். அதனைக் காண வருவோர் பெருகவே, அவ்வில்லமே காட்சிக்கூடமாயிற்று. பின்னர், உறுப்புகளை மட்டும் காப்பது போதாது, வீட்டை முழுமையாகவே காக்கவேண்டும் என்னும் எண்ணம் மணிபாலில் ஒரு சிற்றூராக வளர்ந்தது.

வீட்டைப் பெயர்த்து நடுதல் எளிதன்று. அளவெடுத்து வரைய வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட வேண்டும். மேலிருந்து கீழாகக் கழற்றி, வண்டியேற்றி, புதிய அடித்தளத்தின்மேல் கீழிருந்து மேலாகப் பூட்ட வேண்டும். மரத்தோடு மரத்தைப் பொருத்தி முளையடித்த பழந்தச்சர் முறையே இதற்கு வழிவிட்டது. சிமெண்டால் இறுகிய வீட்டை இடிக்கலாம், கழற்ற இயலாது.

இவ்வாறு வந்து சேர்ந்தவற்றுள் குஞ்சூர் சௌகி மனை ஒன்று. நடுமுற்றத்தைச் சூழ நாற்புறமும் கட்டமைந்தது. தமிழில் தொட்டிக்கட்டு வீடு எனப்படுவதன் உடன்பிறப்பு. முதோல் அரண்மனையின் தர்பார் மண்டபம் வந்தது. குகனூரின் கமல் மகால் வந்தது. தக்காண நவாபு மாளிகை வந்தது. அங்காடித் தெரு ஒன்றும் அமைந்தது. நார்வே, பின்லாந்து அரசுகளின் உதவியும் கிட்டியது. அதில் வியப்பில்லை. ஆர்தர் ஹசீலியஸ் என்பார் 1891இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தை நிறுவி, குடியானவர் வீடுகளைப் பெயர்த்து வந்து நட்டார். இம்முறை வேர்கொண்டது அந்த வடபுல நாடுகளிலேதான்.

ஆயினும் ஒரு வினா எழும். மண்ணைவிட்டுப் பெயர்த்த வீடு உயிருள்ளதா? அடுப்பில் புகையில்லை, தொட்டிலில் குழந்தையில்லை, திண்ணையில் வழிப்போக்கனில்லை. மேலும், பெருவீடுகளே காப்பாற்றப்படுமாயின், அவ்வீட்டு வாசற்படியேறும் உரிமையற்றிருந்தோரின் குடிசை எங்கே? சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் டெபோரா தியாகராஜன் முயற்சியால் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ரா இவ்வினாவுக்கு ஓரளவு விடையளித்தது. அங்கே செட்டிநாட்டு வீட்டோடு குயவர் வீடும், கூடைமுடைவோர் வீடும் உள்ளன. திருகையில் மண் சுழல, கைவினைஞர் பணிபுரிவதைப் பார்ப்போர் காணலாம். வரலாறு வாழ்வதற்குப் பொருள் மட்டும் போதாது, புழக்கமும் வேண்டும் என்பதே அதன் பாடம்.

அப்பாடத்துக்கு ஸ்ரீமுஷ்ணமே சான்று. பதினாறுகால் மண்டபத்துச் சிற்பங்கள் கல்லாதலின் நிற்கின்றன. ஆனால் மாசி மகத்தையொட்டிப் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருள்வதும், அங்கே இசுலாமியர் எதிர்கொண்டு சிறப்புச் செய்வதும் எந்தக் கல்லாலும் நிற்பவையல்ல. ஆண்டுதோறும் மக்கள் நடப்பதால் நிற்பவை. அவ்வழிநடையைப் பெயர்த்து வேறிடத்தில் நட எந்த ஷெனாயாலும் இயலாது. நடப்பவர் நின்றால் அது நின்றுவிடும். அண்டையூரான விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலும் அத்தகையதே. பொம்மையைக் கண்ணாடிப் பேழையில் வைக்கலாம். களிமண்ணின் பதமறிந்த விரலை வைக்க இயலாது.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவை எண்ணிப் பார்க்கத்தக்க இழப்பு இன்னொன்றுண்டு. வீடு விழும்போது சொல்லும் விழுகிறது. ரேழி, கூடம், தாழ்வாரம், குறடு, போதிகை, விளக்குப் பிறை, நெற்குதிர் — இவற்றைத் தொட்டறிந்த தலைமுறை மறைந்தபின், இவை அகராதியில் இருக்கும், நாவில் இரா. உத்திரத்தை மீட்கப் பணமும் நிலமும் வண்டியும் வேண்டும். சொல்லை மீட்கக் காதும் ஏடும் போதும். கொத்தனாரிடமும் தச்சரிடமும் குயவரிடமும் சென்று கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதி வைப்பது பத்தாண்டு கண்ட ஓர் இலக்கிய வட்டத்தின் ஆற்றலுக்கு உட்பட்ட பணியேயாகும்.

அருங்காட்சியகம் இரண்டாவது நன்மையே. முதல் நன்மை, வீடு தன் தெருவிலேயே மனிதரோடு நிற்பது. முதலாவது கைகூடாதபோது இரண்டாவதையேனும் செய்யாமல் போகலாகாது என்று துணிந்தவர் ஷெனாய். கருவூலத்தைத் திறந்து கொட்டிய வள்ளல்கள் பலர். மாதச் சம்பளத்தில் தொடங்கிய வள்ளல்கள் சிலரே. நாளொன்றுக்கு இரண்டணாவாகச் சேர்ந்த வங்கியைப்போல, ஒரு கதவு, ஒரு தூண் எனச் சேர்ந்தது அவர் ஊர். இங்கும் நாளொன்றுக்கு ஒரு சொல் எனத் தொடங்கலாம்.