ஈரலும் உள்ளமும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் தமிழ் பயிற்றும் ஆசிரியரேயன்றி மருத்துவர் அல்லோம். ஆயினும் மருத்துவம் சார்ந்த பொருளொன்றை இன்று பேசத் துணிந்தோம். அது எம் உடம்பில் நேர்ந்ததாகலானும், நம் குடும்பங்கள் பலவற்றில் மறைந்து கிடப்பதாகலானும் அங்ஙனம் துணிந்தோம். பிழையுளதேல் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

பேரச்சம் நேர்ந்தவிடத்து நம் பெண்டிர் 'ஈரக்குலை நடுங்கிற்று' என்பர். அறிவு கலங்கியவனைப் 'பித்தம் தலைக்கேறியவன்' என்பர். பித்தநீர் சுரப்பது ஈரலிலே. பழைய கிரேக்கரும் தீராத சோகத்திற்குக் 'கரும்பித்தம்' என்னும் பொருளுடைய 'மெலங்கோலியா' என்ற பெயரை இட்டனர். கரும்பித்தம் என்பதொன்று உடம்பில் இல்லையெனப் பிற்கால மருத்துவம் தெளிந்தது மெய்யே. எனினும் ஈரலுக்கும் உள்ளத்திற்கும் உறவுண்டு என்ற பழைய எண்ணம், இக்காலத்து வேறொரு வழியால் வலுப்பெற்று வருகின்றது.

எம் செய்தியை முதற்கண் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பறையுட் புகுவதே எமக்கு மலையேறுவது போலாயிற்று. விரும்பிக் கற்பித்த பாடம் கசந்தது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பின் உறக்கம் இல்லை. பிள்ளைகள் நகைத்தாலும் எமக்கு நகை வரவில்லை. சோம்பல் என்றே எம்மை யாமே கடிந்துகொண்டோம். அக்காலத்து வயிற்றுவலியொன்றின் பொருட்டு ஸ்கேன் எடுக்க, ஈரலிற் கொழுப்பு மிகுந்திருப்பதாக அறிக்கை வந்தது. கள்ளும் சாராயமும் வாழ்நாளில் தீண்டாத எம்மை உறவினர் ஒருவர் தனியே அழைத்து, 'தம்பி, எத்தனை நாளாக இந்தப் பழக்கம்?' என்று வினவினார். அவ்வொரு வினாவிற்கு நாணி, அறிக்கையைப் பெட்டியுள் ஒளித்து ஓராண்டு வாளா இருந்தோம். பின்னர் மற்றொரு மருத்துவரிடம் சென்றபோது, அவர் உணவைப் பற்றிக் கேட்டதோடு அமையாது, 'உறக்கம் எப்படி? மனத்திற்கு எதிலாவது மகிழ்ச்சி உண்டா?' என்றும் கேட்டார். ஈரல் நோயாளியிடம் இவ்வினா எதற்கென்று வியந்தோம். அவ்வியப்பின் விடையே இவ்வுரை.

ஈரல் என்பது வலப்பக்க விலாவின்கீழ், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுடன் அமர்ந்திருக்கும் உறுப்பு. குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் இதனையே அடைகின்றது. அதன் அணுக்களில் நூற்றுக்கு 5 பங்கிற்கு மேல் கொழுப்புத் தங்கின் அது நோயெனப்படும். குடியாதாருக்கும் இது வரும் என்பதனை, 1980-இல் அமெரிக்க நாட்டு மேயோ மருத்துவமனையைச் சார்ந்த லுத்விக் என்பாரும் அவர் துணைவரும் 20 நோயாளிகளை ஆராய்ந்து தெளிவாக எழுதினர். இன்று உலகில் வளர்ந்தோர் பத்துப்பேரில் ஏறக்குறைய மூவருக்கு இஃது உண்டு. பருத்த உடம்பினர்க்கே வரும் என்பதும் இல்லை. மெலிந்த தோற்றமுடைய நம் நாட்டவர்க்கும் வயிற்றகத்தே கொழுப்புச் சேர்ந்து இந்நோய் வருகின்றது. 2021-இல் இந்திய அரசு தன் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் இதனையும் சேர்த்தது. ஆதலின் இது குடிகாரன் நோய் என்ற பழிச்சொல் இனியேனும் ஒழிதல் வேண்டும்.

நிற்க. இந்நோயுடையாரிடத்து மனச்சோர்வும், மனச்சோர்வுடையாரிடத்து இந்நோயும் பிறரினும் மிகுதியாகக் காணப்படுகின்றன. இவ்விரண்டையும் பிணைக்கும் கயிறுகளுள் மூன்றனை மட்டும் ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது அழற்சி. கொழுப்பால் துன்புற்ற ஈரல், காயம் பட்டாற்போல அழற்சிப் பொருள்களை இரத்தத்திற் கலக்கின்றது. அவை மூளைக்கும் செய்தி அனுப்புகின்றன. காய்ச்சல் கண்டவன் உண்ணவும் பேசவும் விரும்பாது முடங்கிக் கிடத்தலை நாம் அறிவோம். அம்முடக்கத்தின் சிறுசாயல் நாள்தோறும் நீடித்தால் அது மனச்சோர்வை ஒத்திருக்கும். இதற்குச் சான்றும் உண்டு. முன்னாளில் ஈரலைப் பற்றும் ஒருவகைக் கிருமிநோய்க்கு, அழற்சியைத் தூண்டும் இன்டர்பெரான் என்னும் மருந்தை ஊசிவழி ஏற்றினர். அங்ஙனம் ஏற்றப்பட்டாரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்க்கு, மருந்து பெற்ற காலத்திலேயே மனச்சோர்வு கண்டது.

இரண்டாவது சுரப்புநீர். கவலை நீடித்தால் கார்ட்டிசால் என்னும் நீர் மிகுதியாகச் சுரந்து, இரத்தத்திற் சர்க்கரையை ஏற்றி, வயிற்றகத்துக் கொழுப்பை வளர்க்கும். இன்சுலின் வந்து கதவைத் தட்டியும் உடலணுக்கள் திறவாத நிலை உண்டாகும். எஞ்சிய சர்க்கரையை ஈரல் கொழுப்பாக மாற்றிச் சேமிக்கும். அவ்வின்சுலின் தடை மூளையின் செயலையும் தளர்த்தும் என்பர் ஆராய்வோர்.

மூன்றாவது டிரிப்டோபான். இது பருப்பு, பால், முட்டை முதலியவற்றில் உள்ள சத்து. இதிற் சிறிது, மனநிலையைத் தாங்கும் செரொட்டோனின் ஆகின்றது. பெரும்பகுதியை ஈரல் கைனூரெனின் என்ற வேறொரு பொருளாக மாற்றுகின்றது. அழற்சி மிகுந்தவிடத்து இம்மாற்றமும் மிகும். கைனூரெனின் மூளையுட் புகுந்து, ஆங்கு நரம்பணுக்களை வருத்தும் பொருளாகவும் திரியக்கூடும்.

இனி எதிர்வழியையும் காண்க. மனம் சோர்ந்தவன் நடப்பதில்லை, உறங்குவதில்லை, சமைத்த உணவை விடுத்து இனிப்பையும் பொரித்த பண்டத்தையும் நாடுவான். அதனால் ஈரல் மேலும் கொழுக்கும். கொழுத்த ஈரல் மேலும் சோர்வைத் தரும். செக்கைச் சுற்றும் மாடு போல நோயாளி இவ்வட்டத்துள் உழல்கின்றான். ஈரற்கொழுப்புடையார் எல்லார்க்கும் மனச்சோர்வு வரும் என்று எவரும் அஞ்சற்க. ஒன்று இருப்பின் மற்றொன்றும் உளதோ என்று வினவுதல் கடன் என்பதே யாம் சொல்ல வந்தது.

வட்டமாயினும் எவ்விடத்தும் அறுக்கலாம் என்பது நற்செய்தி. உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தாலே ஈரற்கொழுப்புக் குறையும். 7 முதல் 10 பங்கு குறையின் அழற்சியும் தணியும். வாரத்தில் 150 நிமிட விரைநடை ஈரலுக்கும் நன்று, உள்ளத்திற்கும் நன்று. சர்க்கரை கலந்த பானங்களை விலக்குக. சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டுக. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரம் பெரும்பாலும் உணவின் அளவையே பேசுவதனை நினைவு கூர்க. மனநோய் மருந்துகளுட் சில எடையைக் கூட்டும். ஆதலின் ஈரலின் நிலையை மனநல மருத்துவரிடம் மறையாது கூறுக. ஆனால் மருந்தைத் தாமே நிறுத்துதல் பெருந்தீங்கு. நேரிற் செல்ல நாணுவார், 2022-இல் இந்திய அரசு தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எம் எடை 78 கிலோவிலிருந்து 72 கிலோவிற்கு இறங்கிற்று. பின்னெடுத்த ஸ்கேனில் கொழுப்புக் குறைந்திருந்தது. சோர்வு அறவே நீங்கிற்று என்று பொய் புகலோம். மாத்திரையும் உண்டு, காலை நடையும் உண்டு. ஆனால் வகுப்பறை மீண்டும் இனிக்கின்றது.

சங்கத்தீர்! ஒரு நோய்க்குக் 'குடிகாரன்' என்றும், மற்றொரு நோய்க்குப் 'பைத்தியக்காரன்' என்றும் நாம் பட்டம் சூட்டுகின்றோம். பெண்ணுக்கு வரன் அமையாதென அஞ்சித் தாய்மார் மகளின் கண்ணீரை மறைக்கின்றனர். ஊர் நகைக்குமென அஞ்சித் தந்தையர் தம் அறிக்கையை மறைக்கின்றனர். மறைத்த ஓராண்டில் யாம் இழந்தது மிகப் பெரிது. நம் வீட்டில் ஒருவர் காரணமின்றி வாடியிருக்கக் காணின், 'எத்தனை நாளாக இந்தப் பழக்கம்?' என்று கேளாது, 'உறக்கம் எப்படி?' என்று கேளுங்கள். அவ்வொரு வினாவே எம்மை மருந்தின் வழியில் நிறுத்தியது. அது நம்மவர் எல்லார் வாயிலும் பழகுக என்று வேண்டி அமைகின்றோம்.