பாம்பும் பழக்கமும்



தமிழிலே 'அடங்கு' என்பது தன்வினை, 'அடக்கு' என்பது பிறவினை. 'பழகு', 'பழக்கு' என்பனவும் அவ்வாறே. பாம்பைப் பற்றிப் பேசும்போது நாம் முதற் சோடியையே எடுத்துக்கொள்கிறோம். 'மகுடி ஊதிப் பாம்பை அடக்கினான்' என்கிறோம். பாம்போடு வாழ்ந்தவர்களோ இரண்டாவது சோடியை அறிந்தவர்கள்.

ஔவை என்ற பெயரிலே இருவர் நமக்குப் பாம்பைக் காட்டியிருக்கிறார்கள். புறநானூற்று ஔவையார், அதியமானின் இளம் வீரர்களை, அடிக்கும் கோலுக்கு அஞ்சாத அரவுக்கு ஒப்பிட்டார். மூதுரை பாடிய ஔவையாரோ, நஞ்சுள்ள நாகம் மறைந்து வாழும், நஞ்சில்லாத நீர்ப்பாம்பு அஞ்சாமல் வெளியே கிடக்கும் என்று சொல்லி, அதை வஞ்சகருக்கு உவமையாக்கினார். முன்னவர் கண்டது சீற்றம். பின்னவர் கண்டது ஒளிதல். உவமைகளை விட்டுப் பாம்பை மட்டும் பார்த்தால், இரண்டுக்கும் வேர் அச்சமே.

எங்கள் குருக்கள்மடம் எழுவான்கரையில் இருக்கிறது. வாவியைக் கடந்து அம்பிளாந்துறையில் இறங்கினால் படுவான்கரை. வயலும் நீரும் உள்ள இடத்திலே பாம்பு புதுமையன்று. அதைப் பழக்கத் தெரிந்தவர்கள், அம்பாறை மாவட்டத்து அளிக்கம்பையில் வாழும், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மக்கள். குறவர் என்று நாம் அழைப்பவர்கள். புதிதாகப் பிடித்த சாரைக் குட்டியை எப்படிப் பழக்குவது என்று அவர்களுள் ஒரு முதியவரிடம் கேட்டேன்.

"முதல் சில நாள் தொடவே கூடாது ஐயா. இருட்டான பெட்டியில சும்மா விடணும்" என்றார். பின்னர் கையை மேலிருந்து கொண்டுபோகக் கூடாது. பருந்து மேலிருந்துதானே வருகிறது? பக்கவாட்டில் மெதுவாக நீட்ட வேண்டும். இறுக்கிப் பிடிக்காமல் உடலின் பாரத்தை உள்ளங்கையால் தாங்க வேண்டும். இரை எடுத்த வயிற்றோடும், தோல் உரிக்கும் முன் கண் மங்கிய நாட்களிலும் தொடலாகாது. சீறினால் கையை உதறாமல் அசையாது நிற்க வேண்டும். நாளுக்குச் சில நிமிடங்கள் போதும்.

"அதுக்குப் பயம் ஐயா. நீங்க பயந்து உதறினா அதுக்கு இன்னும் பயம்."

இப்படிப் பழகிய பாம்பு நம்மிடம் அன்பு கொண்டுவிடுவதில்லை. இந்தக் கை பருந்தல்ல என்பதை அறிந்துகொள்கிறது, அவ்வளவுதான். மகுடியின் கதையும் இதுதான். பாம்புக்கு வெளிச்செவி இல்லை. படமெடுத்த நாகம் பின்தொடர்வது இசையையன்று, மகுடியின் அசைவை. ஆனால் நேயர்களே, நாகக் குட்டி முட்டையை விட்டு வரும்போதே நஞ்சோடு வருகிறது. சிறியதுதானே என்று எவரும் கை நீட்ட வேண்டாம்.

இந்த அறிவு வெறும் வேடிக்கையன்று. தமிழகத்திலே, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத் தோல் வணிகம் தடைப்பட்டது. பிழைப்பிழந்த இருளர்கள் ரோமுலஸ் விற்றேக்கரின் துணையோடு 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டிலே விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்து விஷமுறிவு மருந்து உண்டாகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு இந்திய அரசு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. நமது ஆஸ்பத்திரிகளும் நெடுங்காலமாக இந்திய மருந்தையே நம்பியிருக்கின்றன. படுவான்கரையில் கடியுண்டு பிழைத்த கமக்காரனுக்கு, முன்பின் காணாத ஓர் இருளரின் கைப்பழக்கமும் துணைநின்றிருக்கலாம்.

அளிக்கம்பை முதியவர்களிடமும் அத்தகைய அறிவு இருக்கிறது. அது ஏட்டிலே இல்லை, கையிலே இருக்கிறது. அவர்களின் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். நாட்டார் வழக்காற்றை ஆராயும் நமது மாணவர்கள், அந்தக் கைகள் ஓய்வதற்குள் அங்கே சென்று, அவர்கள் வழங்கும் பாம்புப் பெயர்களையும் தொழிற்சொற்களையும் கேட்டு எழுதிவர வேண்டும். அவர்களும் புதியவரைக் கண்டு ஒதுங்கி வாழ்ந்தவர்களே. ஆதலால் முதல் நாளிலேயே கேள்விகளை அடுக்காமல், முதலில் பழகுங்கள்.