பிள்ளைகளோடு புதிய நாட்டில்

(நமது சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாகப் பேசியது உயர்தர வகுப்புப் பேச்சுப் போட்டியில். அன்று மணி அடித்ததும் பாதி வசனத்தில் நிறுத்திவிட்டு இறங்கினேன். இன்றும் செயலாளர் தங்கை நேரம் சொல்லித்தான் ஏற்றியிருக்கிறார். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன்.

சிறு பிள்ளைகளோடு வேறு நாட்டில் குடியேறுவது பற்றிப் பேசும்படி கேட்டார்கள். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நம் தங்கைமார் பலர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார்கள்; இன்னும் சிலர் ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்றால், நான் விட்ட ஒரு பிழையைத்தான் சொல்லவேண்டும்.

நான் 1998 பெப்ரவரியில் ரொறன்ரோவில் போய் இறங்கினேன். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. மகன் வயிற்றில் இருக்கும்போதே என் கணவர் கனடா போய்விட்டார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் ஒன்றை இடுப்பிலும் மற்றதைக் கையிலும் பிடித்துக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவள் நான். அந்த நடைக்குப் பிறகு விமானப் பயணம் ஒரு பெரிய காரியமாகத் தெரியவில்லை. விமான நிலையத்தில் மகன் தகப்பனை முதன்முதலாகக் கண்டு "மாமா" என்று கூப்பிட்டான். அவர் சிரித்துக்கொண்டே முகத்தை மறுபக்கம் திருப்பினார்.

ஸ்காபுறோவில் ஒரு மாடிக்குடியிருப்பில் இரண்டறை வீடு. ஒன்ராறியோவில் பிள்ளையை வயதைப் பார்த்துத்தான் வகுப்பில் சேர்ப்பார்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் ஆறு வயதுப் பிள்ளைக்கு முதலாம் வகுப்புத்தான். மகள் அடுத்த கிழமையே பாடசாலை போனாள்.

ஒரு நாள் காலை மகனையும் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனேன். முழங்கால் அளவு பனிக்குள் பிள்ளைகள் எல்லோரும் வெளியில் நின்றார்கள். என்ன தண்டனையோ என்று என் நெஞ்சு பதைத்தது. பின்னேரம் கேட்டபோது மகள் சிரித்தாள். "அது இன்ரேவல் அம்மா. விளையாட விட்டவை." கடுங்குளிர் நாட்களைத் தவிர வெளியில் விட்டு விளையாட வைப்பதே அங்கு வழக்கம். குளிர்நாட்டுக்குப் போகும் தாய்மார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பனிக்காற்சட்டை, நீர் புகாத சப்பாத்து, தொப்பி, கையுறை இவைதான் அங்கே பிள்ளையின் சீருடை. கையுறையில் இரண்டு சோடி வேண்டும். ஒன்று எப்படியும் நனைந்துதான் வரும்.

ஆனால் நான் சொல்லவந்தது குளிரைப் பற்றியல்ல. அன்று பாடசாலை வாசலில் நின்ற ஆசிரியையிடம் நான் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாதாரண தரத்தில் ஆங்கிலத்தில் திறமைச் சித்தி எடுத்தவள் நான். கடிதம் வந்தால் வாசித்து விளங்கிக்கொள்வேன். அவர்கள் கதைக்கும் வேகத்தில் என் காது பின்தங்கிவிடும். பதில் சொல்ல வாயெடுத்தால், பிழை விட்டுவிடுவேனோ என்ற வெட்கம் வந்து நாக்கைப் பிடித்துவிடும். ஒன்றும் படிக்காத பெண்களுக்கு இல்லாத வெட்கம் எனக்கு இருந்தது. படித்தவள் என்ற எண்ணமே அதற்குக் காரணம்.

ஆறு மாதத்தில் மகள் ஆங்கிலம் கதைக்கத் தொடங்கினாள். ஒரு வருடத்தில் வீட்டுத் தொலைபேசியை அவள்தான் எடுத்தாள். மின்சாரக் கட்டணம், வங்கி, வீட்டுக்காரர், பல் வைத்தியர் எல்லாவற்றுக்கும் அவள்தான் எங்களுக்கு வாய். பாடசாலையில் பெற்றோரைக் கூப்பிட்டபோது, ஆசிரியை அவளைப் பற்றிச் சொன்னதையும் அவளே எனக்குச் சொன்னாள். எப்போதும் நல்லதாகவே இருந்தது. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது "அவள் வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரிக் கதைக்கிறாள்" என்று என் தாயாரிடம் பெருமையடித்தேன்.

2000ஆம் ஆண்டு மூன்றாவது பிள்ளைக்காகக் கர்ப்பமாக இருந்தேன். ஐந்தாம் மாதம். கணவருக்கு இரண்டு வேலை. பரிசோதனைக்கு வைத்தியசாலைக்குப் போனபோது, வழக்கம்போல மகளைப் பாடசாலையிலிருந்து மறித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு ஒன்பது வயது. உரைபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்குசெய்யவா என்று அங்கே கேட்டார்கள். "என் மகள் இருக்கிறாள்" என்று நானே சொன்னேன். அந்த நான்கு சொற்களையும் பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னேன்.

வைத்தியர் படம் எடுத்துப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, மெதுவாக நெடுநேரம் பேசினார். மகள் என்னைப் பார்த்து ஒரே ஒரு வசனம் சொன்னாள். "ஒண்டுமில்லையாம் அம்மா. அப்பாவோட திரும்ப ஒருக்கா வரட்டாம்."

நான் வைத்தியருக்கு நன்றி சொல்லிச் சிரித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அன்றிரவு கணவர் வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்த பிறகுதான், வயிற்றில் பிள்ளையின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"பிள்ளைக்கு அந்த ஆங்கிலம் விளங்கவில்லை" என்று நாங்கள் நினைத்தோம். அப்படியே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம். மகள் பல்கலைக்கழகம் போன பிறகு ஒரு நாள் சமையலறையில் நின்று சொன்னாள். "எனக்கு எல்லாம் விளங்கினது அம்மா. உங்களுக்குச் சொல்லத்தான் ஏலாமல் போச்சு. வீட்ட வாற வழி முழுக்க, நான் சொல்லாட்டி அது உண்மையாகாது எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான்."

ஒன்பது வயதுப் பிள்ளை அந்தச் செய்தியைத் தனியே சுமந்துகொண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து வந்திருக்கிறாள். நான் அவளுக்கு யன்னலால் எதையோ காட்டிக்கொண்டு வந்தேன்.

தங்கைமாரே, நான் வேண்டிக்கொள்வது இது ஒன்றுதான். உங்கள் பிள்ளை உங்களைவிட விரைவாக அந்த நாட்டு மொழியைப் பிடித்துவிடும். அது நல்லது, மகிழுங்கள். ஆனால் வைத்தியர், சட்டத்தரணி, பாடசாலை, பணம் ஆகிய நான்கிலும் பிள்ளையை உங்கள் வாயாக வைக்காதீர்கள். பிள்ளை பிழையாகச் சொல்லலாம் என்பது ஒரு காரணம். சரியாக விளங்கிக்கொள்ளும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

உதவி கேட்க வெட்கப்படத் தேவையில்லை. அவுஸ்திரேலியாவில் 131 450 என்ற இலக்கத்துக்கு எடுத்து "தமிழ்" என்று சொன்னால், எந்த நேரமும் தொலைபேசியில் உரைபெயர்ப்பாளரை இணைப்பார்கள். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்று நோயாளி கேட்கலாம். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. நோர்வேயில், அவசர நிலை போன்ற சில விலக்குகள் தவிர, அரச அலுவலகங்கள் பிள்ளைகளை உரைபெயர்ப்புக்குப் பயன்படுத்தக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. கனடாவில், வைத்தியசாலைக்கு நாள் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள். அவர்களாகவே கேட்டால், என்னைப் போல வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அந்த இழப்புக்குப் பிறகு நான் மொழி வகுப்புக்குப் போனேன். புதிதாகக் குடியேறியவர்களுக்குக் கனடிய அரசு 1992இலிருந்து நடத்தும் இலவச வகுப்பு, "லிங்க்" என்பார்கள். சில இடங்களில் பிள்ளை பராமரிப்பும் உண்டு. குடியுரிமை எடுத்துவிட்டால் அதில் சேர முடியாது. ஆகவே பிள்ளைகள் வளரட்டும், பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். என் வகுப்பில் ஆப்கான் பெண்ணும் சீனப் பெண்ணும் சோமாலியப் பெண்ணும் இருந்தார்கள். எல்லோரும் பிழை விட்டோம். ஒருவரும் செத்துப்போகவில்லை.

நான் தனியாக எடுத்த முதல் தொலைபேசி, மகனுக்குக் காய்ச்சல், இன்றைக்கு வரமாட்டான் என்று பாடசாலைக்குச் சொன்னது. சொல்லவேண்டியதை ஒரு கடிதவுறையின் பின்புறத்தில் எழுதி வைத்து வாசித்தேன். மறுமுனையில் இருந்தவர் ஒரு கேள்வி கேட்டார். அது என் உறையில் இல்லை. ஆனாலும் பதில் சொன்னேன். பக்கத்தில் நின்று கேட்ட மகள் ஒன்றும் பேசாமல் போய்த் தொலைக்காட்சியைப் போட்டாள். அவளுக்கும் ஒரு வேலை குறைந்தது.

இன்னொன்று. தாய் ஆங்கிலம் படிக்கவேண்டும் என்றால் வீட்டில் ஆங்கிலம் கதைக்கவேண்டும் என்று பொருளல்ல. ரொறன்ரோவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியியலாளர் 1981இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். குடியேறிய பிள்ளைகள் அன்றாடப் பேச்சு ஆங்கிலத்தை ஏறத்தாழ இரண்டு வருடத்தில் பிடித்துவிடுகிறார்கள். பாடங்களுக்கு வேண்டிய ஆங்கிலத்தில் மற்றப் பிள்ளைகளை எட்ட ஐந்து முதல் ஏழு வருடம் செல்கிறது என்று அதில் காட்டினார். தாய்மொழியில் உள்ள அடித்தளம் இரண்டாம் மொழிக்கும் உதவும் என்பதும் அவர் கருத்து. ஆகவே பிள்ளை மளமளவென்று கதைக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். வகுப்பில் பின்தங்குகிறதே என்று பயந்து வீட்டில் தமிழை நிறுத்தவும் வேண்டாம்.

நான் மகனோடு ஒரு வருடம் அரைகுறை ஆங்கிலம் கதைத்துப் பார்த்தேன். அவனுடைய ஆங்கிலம் என்னால் ஒன்றும் முன்னேறவில்லை. ஆனால் அம்மம்மா தொலைபேசியில் "சாப்பிட்டியா அப்பு?" என்று கேட்டபோது, அவன் என் முகத்தைப் பார்த்தான். அன்றோடு நிறுத்தினேன். ஒன்ராறியோவில் பாடசாலைச் சபைகள் நடத்தும் தாய்மொழி வகுப்பு 1977இலிருந்தே இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே தமிழுக்குக் கொண்டுபோய் விட்டேன். அழுதுகொண்டுதான் போனான். இன்றைக்குத் தமிழில் சண்டையே பிடிப்பான்.

புறப்பட இருப்பவர்கள் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பையும், பிள்ளையின் தடுப்பூசிப் பதிவையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். பாடசாலையில் முதலில் கேட்பது அவற்றைத்தான். மற்றவற்றைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுக் கிளைகள் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் இராப்போசனம் வைக்கின்றன. கல்லூரிக்குக் கட்டடமும் கணினியும் கொடுக்கின்றன. அதோடு ஒரு சிறிய பட்டியலும் வைத்திருக்கட்டும். புதிதாக வந்த ஒரு தங்கை வைத்தியசாலைக்கோ பாடசாலைக்கோ போகவேண்டி வந்தால், கூடப் போக முன்வரும் ஐந்து அக்காமாரின் பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் போதும். நாங்கள் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒரே பிரம்புக்குப் பயந்தவர்கள். நம்மில் ஒருத்திக்கு அந்த அறையில் துணை வேண்டுமென்றால், அவளுடைய ஒன்பது வயது மகள் போகவேண்டியதில்லை.

ரொறன்ரோக் கிளையின் பட்டியலில் முதலாவதாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவதாகத் தன் பெயரையும் எழுதச் சொல்லி மகள் சொல்லிவிட்டிருக்கிறாள். அவள் இந்தக் கல்லூரியில் படிக்காதவள். சங்க யாப்பு இடம்கொடுக்குமா என்று தலைவி அவர்கள்தான் சொல்லவேண்டும்.